மாடிப்படி சரக்கு வைக்கும் இடம் அல்ல
வீட்டோடு கடை நடத்தும் வணிகர்களுக்குத் தீப் பாதுகாப்புப் பாடம்



நல்லூரிலும் விருத்தாசலம் வட்டாரத்திலும் நம் உறுப்பினர்களில் பலருக்குக் கடையும் வீடும் ஒன்றுதான். முன்பக்கம் கடை, பின்பக்கம் குடோன், மேலே குடும்பம். சிலருக்குக் கடைக்குப் பின்னாலேயே அடுப்படி. இரவு எத்தனை மணிக்கு வாடிக்கையாளர் கதவைத் தட்டினாலும் எழுந்து சாமான் கொடுக்கலாம், சரக்குக்கும் காவல் என்று நம் பெரியவர்கள் செய்த ஏற்பாடு இது. அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் கடையில் பிடிக்கும் தீ வீட்டுத் தீயாகவும், வீட்டில் பிடிக்கும் தீ கடைத் தீயாகவும் மாறிவிடும் என்பதை மட்டும் நாம் மறந்துவிடுகிறோம்.

தீ விபத்தைப் பற்றிப் பேசினால் எல்லோரும் மின்கசிவு, கேஸ் என்று தொடங்குவார்கள். அவற்றையும் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம். ஆனால் முதலில் சொல்ல வேண்டியது வேறு. தீ பிடிப்பது ஒரு காரணத்தால். ஆள் சாவது பெரும்பாலும் இன்னொரு காரணத்தால். அந்த இரண்டாவது காரணம், வெளியே வர வழி இல்லாமல் போவது. நம்மைப் போன்ற வியாபாரிகள் வீட்டில் அந்த வழியை அடைப்பது தீ அல்ல, நம் சரக்கு.

எங்கள் வீட்டில் நடந்தது

பிறர் வீட்டுக் கதையைச் சொல்லுமுன் எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுவது நியாயம்.

1996ஆம் ஆண்டு. பொங்கல் முடிந்து நாலாம் நாள். பொங்கலுக்கு இறக்கிய வெல்லத்தில் 30 மூட்டைக்கு மேல் மிஞ்சிவிட்டது. குடோனில் இடம் இல்லை. மாடிக்குப் போகும் படி மூன்றடி அகலம். அதில் பாதியை விட்டு மீதிப் பாதியில் வெல்ல மூட்டைகளை அடுக்கினோம். படிக்கு அடியில் காலிச் சாக்குக் கட்டு, தீப்பெட்டிப் பண்டல், இரண்டு அட்டைப்பெட்டிக் கற்பூரம். அதற்கு நேர் மேலே மீட்டர் பெட்டி. "நாலு நாளில் விற்றுவிடும், அதுவரை இருக்கட்டும்" என்று அடுக்கச் சொன்னது வேறு யாரும் இல்லை, நாங்களேதான்.

அன்று இரவு 2 மணி இருக்கும். எலி கடித்த ஒயரில் பொறி பறந்து சாக்கில் விழுந்திருக்கிறது. நாங்கள் விழித்தது வெளிச்சத்தைப் பார்த்து அல்ல, இருமலில். படியில் எட்டிப் பார்த்தால் கறுப்புப் புகை கிணறு போல் மேலே எழும்புகிறது. வெல்லம் உருகிப் படியெல்லாம் வழிகிறது. கால் வைக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தம் மொட்டை மாடியிலிருந்து ஏணியை நீட்டியதால் பிள்ளைகளும் பெண்களும் கடந்தார்கள். எங்கள் அம்மாவுக்கு ஆஸ்துமா. அவரை நாற்காலியில் கட்டித் தூக்கிக் கடத்துவதற்குள் அவர் போதுமான அளவு புகையைக் குடித்துவிட்டார்.

பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். பிழைத்தார். ஆனால் அதன் பிறகு அவர் குரல் பழையபடி வரவே இல்லை. வீட்டுக்கு வந்த அன்று அந்தக் கம்மிய குரலில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "வெல்லத்துக்கு எடம் விட்டீங்க, எனக்கு வழி விடலையேப்பா." கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்று வரை மறக்க முடியவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் படியில் ஒரு சோப்புப் பெட்டி கூட வைப்பதில்லை. நஷ்டத்தில் விற்றாலும் விற்போமே தவிர, படியில் அடுக்க மாட்டோம்.

ஊர் அறிந்த விபத்துகள் சொல்லும் பாடம்

2004 ஜூலை 16ஆம் தேதி கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தீப்பிடித்து 94 குழந்தைகள் மாண்டதைத் தமிழ்நாட்டில் யாரும் மறந்திருக்க முடியாது. மதிய உணவு சமைத்த இடத்திலிருந்து கிளம்பிய தீ, மேலே இருந்த கீற்றுக் கொட்டகையைப் பற்றியது. மாடியிலிருந்த பிள்ளைகள் இறங்கக் குறுகலான படி. ஓலையை மட்டும் குறை சொல்லி நாம் நகர்ந்துவிடக் கூடாது. அகலமான இன்னொரு வழி இருந்திருந்தால் எத்தனை பிள்ளைகள் வீடு திரும்பியிருப்பார்கள் என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கியிருந்த கொட்டகையில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். அவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். தீயைக் கண்ணால் பார்த்தும் எழுந்து ஓட முடியவில்லை. பூட்டும் சங்கிலியும் தீயைவிடக் கொடியவை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

நமக்கு அடுத்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், சங்கராபுரத்தில், 2021 அக்டோபர் 26ஆம் தேதி மாலை, தீபாவளிக்காகப் பட்டாசு இருப்பு வைத்திருந்த கடையில் தீப்பிடித்தது. பட்டாசு வெடித்ததோடு நிற்கவில்லை. பக்கத்திலிருந்த கேஸ் சிலிண்டர்களும் வெடித்தன. பல உயிர்கள் போயின. கடைத்தெருவில் ஒருவர் கடையின் இருப்பு அடுத்தவர் உயிரையும் சேர்த்துத்தான் பணயம் வைக்கிறது.

2022 மார்ச் கடைசி வாரம் வேலூரில் நடந்தது இந்தக் காலத்துக்கான பாடம். புதிதாக வாங்கிய மின்சார ஸ்கூட்டரை இரவு வீட்டில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறார்கள். அது தீப்பற்றியது. தந்தையும் அவருடைய 13 வயது மகளும் இறந்து போனார்கள். அவர்கள் உயிரை எடுத்தது புகை.

இந்த நான்கு விபத்திலும் தீ பிடித்த காரணம் வெவ்வேறு. வழி கிடைக்காமல் போனதும், புகை முந்திக் கொண்டதும், அடுத்தவரையும் தீ இழுத்துக் கொண்டதும் நம் வீட்டோடு சேர்ந்த கடைகளில் எளிதில் நடக்கக் கூடியவை.

புகைதான் முதல் எதிரி

தீ நம்மைத் தொடுவதற்கு முன்பே புகை நம்மை வீழ்த்திவிடும். நம் கடைகளில் எரியக் கூடியவை என்னென்ன என்று பாருங்கள். பிளாஸ்டிக் பை, பாலித்தீன் கவர், சாக்கு, எண்ணெய் டின், அட்டைப்பெட்டி, சோப்பு, ஊதுபத்தி, தீப்பெட்டி. பிளாஸ்டிக் எரிந்தால் வரும் புகை கறுப்பாகவும் நச்சாகவும் இருக்கும். எந்தப் பொருளும் காற்றுப் போதாமல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற வாயு உண்டாகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர் விழிக்காமலேயே மயங்கிவிடுவார்.

சூடான புகை மேலே போகும். ஆகவே கீழே கடை, மேலே வீடு என்றால் மாடிப்படிதான் புகைபோக்கி. தரையை ஒட்டி மட்டும் கொஞ்ச நேரம் நல்ல காற்று இருக்கும். அதனால்தான் புகைக்குள் நிமிர்ந்து ஓடாமல், குனிந்து, தவழ்ந்து போக வேண்டும் என்கிறார்கள். ஈரத் துணியால் மூக்கை மூடிக்கொண்டால் கரியும் எரிச்சலும் சற்றுக் குறையும். கார்பன் மோனாக்சைடை அது தடுக்காது. ஈரத்துணி இருக்கிறது என்ற தைரியத்தில் உள்ளே நிற்கக் கூடாது.

படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டுத் தூங்குவது நல்லது. சாத்திய கதவு புகையைச் சில நிமிடம் தடுக்கும். அந்தச் சில நிமிடம்தான் உயிர். புகையை உணர்ந்து கத்தும் சிறிய கருவிகள் இப்போது பாட்டரியில் கிடைக்கின்றன. படிக்கு மேல் கூரையில் ஒன்று மாட்டினால், காவலுக்கு ஆள் வைத்த மாதிரி. இருமி விழித்த எங்களுக்கு அது அன்று இருந்திருந்தால் அம்மாவின் குரல் போயிருக்காது.

மின்சாரம்: பியூஸைக் கட்டாயப்படுத்தாதீர்கள்

விருத்தாசலம் பீங்கான் கூடங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சூளைக்குள் கொதிக்கும் தீ அகல் விளக்கையும் பொம்மையையும் சுட்டுக் கொடுக்கிறது. அதே தீ சுவரைத் தாண்டினால் கூடமே போய்விடும். தீ அதன் எல்லைக்குள் இருக்கும் வரைதான் வேலைக்காரன். மின்சாரத்துக்கு அந்த எல்லையைப் போடுவது பியூஸ்.

பழைய பீங்கான் பியூஸ் கட்டை உள்ள கடைகளில் நாம் செய்கிற தவறு ஒன்று உண்டு. பியூஸ் அடிக்கடி போகிறது என்று தடிமனான செம்புக் கம்பியை இரண்டு மூன்று இழை முறுக்கிக் கட்டிவிடுகிறோம். பிறகு பியூஸ் போகவே போகாது. உண்மைதான். அதற்குப் பதிலாக ஒயர் சூடேறி எரியும். பியூஸ் போவது வீட்டைக் காப்பாற்றுவதற்காக. அது திரும்பத் திரும்பப் போனால் எங்கோ பாரம் அதிகம் அல்லது எங்கோ ஒயர் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். முடிந்தவர்கள் எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. இரண்டும் போட்டுக் கொள்ளுங்கள். பாரம் கூடினால் எம்.சி.பி. விழும். மின்சாரம் கசிந்தால் ஆர்.சி.சி.பி. விழும். ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்பது தவறு.

மளிகைக் கடையில் எலி இல்லாமல் இருக்காது. எலி ஒயரின் மேல்தோலைக் கடிக்கும். ஆகவே வருடம் ஒரு முறை, தீபாவளிக்குச் சுத்தம் செய்யும்போது, மூட்டைகளை நகர்த்திச் சுவர் ஒயரை முழுவதும் பார்க்க வேண்டும். ஒயரைக் குழாய்க்குள் ஓட்டுவது நல்லது. மீட்டர் பெட்டியைச் சுற்றி மூன்றடிக்குள் எந்தச் சரக்கும் வேண்டாம். மெயின் சுவிட்ச் எங்கே என்று வீட்டில் எல்லோருக்கும், கடைப் பையனுக்கும், தெரிந்திருக்க வேண்டும்.

ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் பிரிட்ஜ், மிக்ஸி, அயர்ன் பாக்ஸ் எல்லாம் சொருகக் கூடாது. மின்சார ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் அதனுடன் வந்த சார்ஜரையே பயன்படுத்தி, விழித்திருக்கும் நேரத்தில் சார்ஜ் செய்யுங்கள். வண்டியை வாசலில் குறுக்காகவோ படிக்குக் கீழேயோ நிறுத்திச் சார்ஜ் போடாதீர்கள். எரிய நேர்ந்தால் எரிவது நீங்கள் வெளியேற வேண்டிய வாசல்.

அடுப்படியும் கேஸும்

வீட்டுச் சிலிண்டரில் 14.2 கிலோ கேஸ் இருக்கிறது. அது காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையில் தண்ணீர் போல் பரவிப் பள்ளத்தில் தங்கும். கேஸுக்கு இயற்கையில் மணம் இல்லை. நாம் கண்டுபிடிப்பதற்காகவே கெட்ட நாற்றம் தரும் மெர்காப்டன் என்ற பொருளைக் கலக்கிறார்கள். ஆகவே நாற்றத்தை அலட்சியம் செய்யக் கூடாது.

நாற்றம் வந்தால்: எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். சுவிட்சை அணைத்தாலும் பொறி வரும். சாமி விளக்கு, ஊதுபத்தி இருந்தால் அணையுங்கள். ரெகுலேட்டரை மூடுங்கள். சிலிண்டர் வாயில் பாதுகாப்பு மூடியைப் போடுங்கள். கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே வாருங்கள். வெளியே வந்த பிறகுதான் போன். கேஸ் கசிவுக்கு 1906 என்ற எண் இருக்கிறது.

சிலிண்டரை எப்போதும் நிமிர்த்தியே வைக்க வேண்டும். அடுப்பு சிலிண்டரைவிட உயரத்தில் இருக்க வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ரப்பர் குழாயை ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள். நடுவில் வெடிப்புத் தெரிந்தால் உடனே மாற்றுங்கள். சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் எழுதியிருக்கும். அது மறுசோதனைக்கான கெடு. ஆங்கிலத்தின் முதல் எழுத்து ஏ என்றால் மார்ச் வரை, பி என்றால் ஜூன் வரை, சி என்றால் செப்டம்பர் வரை, டி என்றால் டிசம்பர் வரை. பக்கத்து எண் வருடம். கெடு தாண்டிய சிலிண்டர் வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்புங்கள். சரக்கில் தேதி பார்த்து வாங்கும் நாம் சிலிண்டரில் மட்டும் பார்க்காமல் விடலாமா?

உபரிச் சிலிண்டரை மாடிப்படிக்கு அடியில் வைப்பது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. அதை இன்றே நிறுத்த வேண்டும். வீட்டுச் சிலிண்டரைக் கடைப் பலகார அடுப்புக்குப் போடுவதும் கூடாது. சட்டமும் அதை அனுமதிக்கவில்லை. பதிவு செய்த முகவரியில் முறைப்படி பயன்படுத்தும் வாடிக்கையாளருக்கு எண்ணெய்க் கம்பெனிகளே விபத்துக் காப்பீடு வைத்திருக்கின்றன. முறை தவறினால் அந்த உதவியும் கேள்விக்குறியாகும்.

வடைச் சட்டியில் எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீர் அடியில் போய் ஆவியாகி, எரியும் எண்ணெயை வீடு முழுவதும் தெறிக்க வைக்கும். அடுப்பை அணைத்துவிட்டுச் சட்டியைத் தட்டாலோ மூடியாலோ மூடுங்கள். சட்டியைத் தூக்கிக் கொண்டு ஓடாதீர்கள். ஆறும் வரை மூடியைத் திறக்காதீர்கள்.

சரக்கில் கவனம்

நம் கடையில் ஒன்றோடொன்று சேரக் கூடாத சரக்குகள் உண்டு. ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

தீப்பெட்டியும் கற்பூரமும் தனித்தனித் தகரப் பெட்டியில் இருக்கட்டும். கற்பூரம் காற்றில் கரையும்போது அதன் ஆவியும் எரியக் கூடியது.

பிளீச்சிங் பவுடரை எண்ணெய், சாக்கு இவற்றின் பக்கத்தில் வைக்கக் கூடாது. அது எரிவதைத் தூண்டும் பொருள். கழிவறை கழுவும் ஆசிட் அதன் மேல் சிந்தினால் குளோரின் என்ற நச்சு வாயு வரும். இரண்டையும் இரண்டு மூலையில் வையுங்கள்.

சுட்ட சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் பட்டால் அது கொதிக்கும். மழைக் காலத்தில் ஒழுகும் இடத்தில், சாக்கு மேல், வைக்கக் கூடாது.

பாட்டிலில் பெட்ரோல் விற்பது நம் தொழில் அல்ல. அதன் ஆவி தரையோடு தவழ்ந்து தூரத்து விளக்கில் பற்றிக்கொண்டு திரும்பி வரும். ஐந்து ரூபாய் லாபத்துக்கு வீட்டைப் பந்தயம் கட்ட வேண்டாம்.

பட்டாசு விற்பவர்கள் உரிமம் இல்லாமல் ஒரு சரம் கூட வைக்கக் கூடாது. வெடிபொருள் விதிகள் 2008 சொல்வதைக் கவனியுங்கள். பட்டாசு இருக்கும் இடத்துக்கு மேலே குடியிருப்பு இருக்கக் கூடாது. மாடிப்படிக்கு அடியிலோ பக்கத்திலோ இருக்கக் கூடாது. வெளியேறத் தனி வழி இருக்க வேண்டும். அதிகாரிகள் நம்மைத் தொல்லைப்படுத்த எழுதிய விதி அல்ல இது. சங்கராபுரத்தை நினைத்துக்கொண்டு படித்தால் ஒவ்வொரு வரியும் ஏன் என்று புரியும்.

பூட்டும் சாவியும்

கடையில் தூங்கும் பையனை உள்ளே வைத்து ஷட்டரை வெளியே பூட்டும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. இதைப் படிக்கிறவர்களில் ஒருவர் அப்படிச் செய்தாலும் இன்றோடு விட்டுவிடுங்கள். ஒரு பெற்றோர் நம்மை நம்பி அனுப்பிய பிள்ளை அவன். திருட்டுப் போனால் சரக்கு போகும். அது மீண்டும் வரும்.

ஜன்னல் கம்பியில் ஒன்றையாவது உள்ளிருந்து திறக்கும்படி மாற்றுங்கள். மொட்டை மாடிக் கதவுச் சாவி கதவுக்குப் பக்கத்திலேயே ஆணியில் தொங்கட்டும். கல்லாச் சாவியோடு சேர்த்துத் தலையணைக்கு அடியில் வைத்தால், புகையில் யார் தேடுவது?

தீ பிடித்தால்

முதல் வேலை குரல் கொடுத்து எல்லோரையும் எழுப்புவது. இரண்டாவது வெளியேறுவது. மூன்றாவது 101 அல்லது 112 எண்ணுக்குப் போன் செய்வது. ஊர், தெரு, பக்கத்து அடையாளம், கேஸ் சிலிண்டர் உள்ளே இருக்கிறதா என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். விருத்தாசலம் போன்ற ஊரிலிருந்து வண்டி நல்லூருக்கு வந்து சேர நேரம் ஆகும். ஆகவே முதல் பத்து நிமிடம் நம் கையில்தான் இருக்கிறது.

தீ சின்னதாக, ஒரு குப்பைக் கூடை அளவில் இருந்து, முதுகுக்குப் பின்னால் வெளியேறும் வழியும் இருந்தால் மட்டும் அணைக்க முயலலாம். மின்சாரத் தீ என்றால் முதலில் மெயினை அணைக்க வேண்டும். ஏ.பி.சி. பவுடர் அணைப்பான் எல்லா மளிகைக் கடைக்கும் பொருத்தமானது. முள் பச்சையில் நிற்கிறதா என்று மாதம் ஒரு முறை பாருங்கள். பயன்படுத்தும் முறை நான்கே வார்த்தை: ஊசியை இழு, தீயின் அடியைக் குறிவை, பிடியை அழுத்து, இடம் வலமாக வீசு. அதைக் குடோன் கோடியில் மாட்டாமல் வாசல் பக்கம் மாட்டுங்கள். தீயைத் தாண்டிப் போய் எடுக்கும்படி இருந்தால் அது இருந்தும் இல்லாததே.

வெளியே வந்தவர் கல்லாவுக்காகவோ பத்திரத்துக்காகவோ மறுபடி உள்ளே போகக் கூடாது. இதைக் குடும்பத்தில் சத்தியம் போல் சொல்லி வையுங்கள்.

உடம்புத் துணியில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது. ஓடினால் காற்றில் தீ வளரும். நின்று, படுத்து, உருள வேண்டும். அடுப்படியில் நைலான் சேலையைவிடப் பருத்திச் சேலை நல்லது. தீப்புண் பட்டால் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓட விடுங்கள். மாவு, மை, பற்பசை, ஐஸ் எதுவும் வேண்டாம். வளையல், மோதிரத்தை வீங்குமுன் கழற்றுங்கள். ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். சுத்தமான துணியால் லேசாக மூடி 108ஐக் கூப்பிடுங்கள்.

கணக்கும் காப்பீடும்

1996இல் எங்களுக்குக் காப்பீடு இல்லை. எரிந்த சரக்குக்குக் கடன்காரர் யாரும் தள்ளுபடி தரவில்லை. நாணயம் கெடாமல் கட்டி முடிக்க நாலு வருடம் ஆயிற்று.

2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகள் எல்லாம் ஒரே மாதிரியான பாலிசிகளைத் தருகின்றன. வீட்டுக்குப் பாரத் கிருஹ ரக்ஷா. மொத்த மதிப்பு 5 கோடி ரூபாய் வரையுள்ள கடை, குடோனுக்குப் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா. வீட்டுப் பாலிசி கடைச் சரக்குக்குச் சேராது. மேலே வீடு, கீழே கடை என்றால் இரண்டும் வேண்டும்.

பிரீமியத்தில் மிச்சம் பிடிக்க இருப்பைக் குறைத்துக் காட்டாதீர்கள். 10 லட்சம் சரக்கை 5 லட்சம் என்று எழுதி, 2 லட்சம் எரிந்தால், 2 லட்சமும் வராது. பாதிக்குத்தான் காப்பீடு செய்தீர்கள் என்று 1 லட்சம்தான் தருவார்கள். மாதக் கடைசி இருப்புக் கணக்கு, கொள்முதல் பில், பாலிசி இவற்றின் நகல் வேறொரு வீட்டில், உறவினரிடமோ ஆடிட்டரிடமோ இருக்கட்டும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை செய்ய வேண்டியவை

1. மாடிப்படி, நடை, பின்வாசல் மூன்றையும் காலி செய்யுங்கள். சரக்கு அதிகம் என்றால் கொள்முதலைக் குறையுங்கள்.

2. விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கையிலிருந்து தெரு வரை குடும்பத்தோடு நடந்து பாருங்கள். கால் எதில் இடிக்கிறதோ அதுதான் நாளை உயிரை வாங்கும்.

3. முதல் வழி அடைபட்டால் இரண்டாவது வழி எது என்று முடிவு செய்யுங்கள். பக்கத்து வீட்டாரிடம் இப்போதே பேசி வையுங்கள். அன்று எங்களுக்கு ஏணி நீட்டியவரோடு அதற்கு முன் சுவர்த் தகராறு இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

4. வயதானவர், நடக்க முடியாதவர், கைக்குழந்தை — யாரை யார் தூக்குவது என்று பெயர் சொல்லி ஒதுக்குங்கள். அவர்கள் கீழ்தளத்தில், வாசலுக்குப் பக்கத்தில் படுப்பது நல்லது.

5. வெளியே வந்ததும் எல்லோரும் கூடி நிற்க ஓர் இடம் சொல்லுங்கள், வேப்பமரமோ கோயில் வாசலோ. அங்கே தலை எண்ணிவிட்டால், வெளியே வந்துவிட்டவரைத் தேடி யாரும் உள்ளே போக மாட்டார்கள்.

6. 101, 112, 108, 1906 நான்கையும் கல்லாவுக்கு மேல் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

இதற்கெல்லாம் பெரிய செலவு இல்லை. ஒரு பகல் போதும். வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்ட முடியாது.

கடை மூடும்போது தினமும் கல்லாவை எண்ணுகிறோம். அதோடு படியையும் ஒரு முறை பார்த்துவிட்டுப் படுப்போம். சரக்குக்கு இடம் எங்கே வேண்டுமானாலும் தேடிக் கொள்ளலாம். நம் வீட்டார் நடந்து வெளியே வர இருப்பது அந்த மூன்றடி வழி ஒன்றுதான்.

வணிகம் வளர்க. இல்லம் நலமாக இருக்கட்டும்.